தனியுரிமையா, கூட்டாண்மையா: இந்தியாவில் சிறுதொழிலைப் பதிவுசெய்யும் முறை

இந்தியாவில் சிறுதொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான். தனியொருவர் நடத்தும் தொழிலுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. ஒருவரே உரிமையாளராக இருக்கும் இந்தத் தனியுரிமை நிறுவனத்தைப் பதிவுசெய்வதற்கென்று தனிச் சட்டமோ பதிவாளரோ நம் நாட்டில் இல்லை. வரிக்காக ஒன்று, சிறுதொழில் சலுகைகளுக்காக ஒன்று, இடத்துக்காக ஒன்று என்று வெவ்வேறு காரணங்களுக்காகப் பெறும் சான்றுகள் சேர்ந்துதான் அந்தத் தொழில் நடக்கிறது என்பதற்கான ஆதாரமாகின்றன. இருவரோ பலரோ சேர்ந்து நடத்தும் கூட்டாண்மைக்கு மட்டும் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும், அதன்படி நியமிக்கப்பட்ட பதிவாளரும் உண்டு. ஆனால் அங்கே பதிவு கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக அதை விட்டுவிடுகிறவர்கள், பணம் வசூலிக்க நீதிமன்றத்துக்குப் போகும் நாளில்தான் அதன் அருமையை உணர்கிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டிலும் பொறுப்புக்கு எல்லை இல்லை. தனியுரிமையில் தொழிலும் உரிமையாளரும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே. தொழில் பட்ட கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். கூட்டாண்மையில், நிறுவனத்தின் செயல்களுக்குப் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள் என்று சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது பத்து சதவீத லாபப் பங்கு வைத்திருப்பவரிடமிருந்து கடன் முழுவதையும் வசூலிக்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. மற்றப் பங்குதாரர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவது கட்டியவருடைய பாடு. நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டால் பொறுப்பு குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அது தவறு. பொறுப்புக்கு வரம்பு வேண்டுமென்றால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையையோ, தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனியையோ நாட வேண்டும்; அவற்றின் பதிவு முறையும் ஆண்டுக் கடமைகளும் வேறு.

வருமான வரியில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகம். தனியுரிமையின் லாபம் உரிமையாளரின் சொந்த வருமானத்தோடு சேர்ந்து, தனிநபருக்குரிய படிநிலை விகிதங்களில் வரிக்கு உட்படும். அவருக்கென்று தனியாகச் சம்பளம் எழுதிச் செலவாகக் காட்ட முடியாது. கூட்டாண்மை நிறுவனமோ முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, பங்குதாரர் கையில் வரும் லாபப் பங்குக்கு மறுபடி வரியில்லை. உழைக்கும் பங்குதாரருக்குத் தரும் ஊதியத்தையும், மூலதனத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரையிலான வட்டியையும், சட்டம் வகுத்த வரம்புக்குள், நிறுவனத்தின் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கழிவுகள் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும். லாபம் சிறிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில், உண்மையில் ஒருவரே முதலும் போட்டு உழைப்பும் தருகிற தொழிலுக்குத் தனியுரிமையே போதுமானது என்பது என் கருத்து. பெயருக்காக உறவினர் ஒருவரைப் பங்குதாரராகச் சேர்ப்பது வரியையும் குறைப்பதில்லை. அவர் அறியாமலே அவர் தலையில் எல்லையற்ற பொறுப்பைத்தான் ஏற்றுகிறது.

பெயரும் முகவரியும்

விண்ணப்பங்களைத் தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதியாக முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தொழிலின் பெயர், தொழில் நடக்கும் முகவரி. இது அற்பமான அறிவுரைபோலத் தோன்றலாம். ஆனால் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கும், வங்கியில் கணக்குத் திறக்க முடியாமல் அலைவதற்கும் பெரும்பாலான நேரங்களில் காரணம் இந்த இரண்டில் ஏற்படும் பொருத்தமின்மைதான். ஓர் ஆவணத்தில் 'டிரேடர்ஸ்' என்றும் இன்னொன்றில் 'டிரேடிங் கம்பெனி' என்றும் இருந்தால், அவை இரண்டும் ஒரே தொழில் என்று அதிகாரியிடம் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆதாரிலும் பான் அட்டையிலும் தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறி இருக்கிறதா, பிறந்த தேதி ஒன்றா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துத் திருத்திவிட வேண்டும். ஏனென்றால் இணையவழிப் பதிவுகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகே அடுத்த பக்கத்துக்கு விடுகின்றன.

முகவரிக்குச் சொந்த இடமென்றால் சொத்துவரி ரசீதோ மின்கட்டண ரசீதோ, வாடகை இடமென்றால் வாடகை ஒப்பந்தமும் இட உரிமையாளரின் சொத்துச் சான்றும் தேவைப்படும். பெற்றோர் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயரில் உள்ள இடத்தில் வாடகையின்றித் தொழில் செய்பவர், அவரிடமிருந்து ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கி வைக்க வேண்டும். வீட்டிலிருந்தே நடத்தும் தொழிலுக்கும் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை.

ஒரு பெயரில் ஜிஎஸ்டி எனப்படும் சரக்கு சேவை வரி எண்ணோ, உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழோ வாங்கிவிட்டதால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டுமே உரியதாகிவிடாது. அதே பெயரில் அடுத்த தெருவில் இன்னொருவரும் அவற்றைப் பெற முடியும். பெயருக்குப் பாதுகாப்பு தருவது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். இணையம் வழியாகத் தனிநபரும் சிறுதொழில் நிறுவனமும் ஒரு வகைப் பொருளுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பெயர்ப்பலகைக்கும் பெட்டிகளுக்கும் செலவு செய்வதற்கு முன்பே, வணிகச் சின்னப் பதிவகத்தின் பொதுத் தேடலில் அந்தப் பெயர் ஏற்கெனவே யாருக்காவது உரியதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். அந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை.

தனியுரிமை நிறுவனம்

தனியுரிமைக்கு என்று தனியாகப் பான் எண் கிடையாது. உரிமையாளரின் பான் எண்ணே தொழிலின் பான் எண். ஒருவர் இரண்டு வெவ்வேறு பெயர்களில் இரண்டு கடைகள் நடத்தினாலும் வரித்துறைக்கு அவர் ஒருவரே. இந்த ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொண்டால் இனி வரும் பல விதிகள் தாமாகவே விளங்கும்.

முதலில் உத்யம் பதிவைச் செய்துகொள்ளலாம். மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகம் 2020 ஜூலை 1 முதல் நடத்திவரும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆவணம் எதையும் பதிவேற்றத் தேவையில்லை. உரிமையாளரின் ஆதார் எண்ணைக் கொடுத்தால், அதோடு இணைந்த கைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். பிறகு பான் எண், தொழிலின் பெயர், முகவரி, தொழில் தொடங்கிய தேதி, வங்கிக் கணக்கு, வேலை செய்வோர் எண்ணிக்கை, முதலீடு, விற்றுமுதல் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். இன்னும் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்காதவர், தம் சேமிப்புக் கணக்கின் விவரத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவு சட்டப்படி தேவைப்படாதவர் அந்த எண் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். தொழிலின் வகையைக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். உற்பத்தி, சேவை, வணிகம் என்ற மூன்றில் எது உங்கள் தொழில் என்பது பின்னால் கிடைக்கும் உரிமைகளைத் தீர்மானிக்கிறது. ஒரு தொழில் நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான்; ஆனால் அதில் எத்தனை வகைச் செயல்பாடுகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வரம்புகளின்படி, இயந்திரத்திலும் கருவியிலும் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாத முதலீடும், பத்துக் கோடிக்கு மேற்படாத ஆண்டு விற்றுமுதலும் உள்ளது குறுந்தொழில். இருபத்தைந்து கோடி முதலீடு, நூறு கோடி விற்றுமுதல் வரை சிறுதொழில். தொடக்க நிலையில் உள்ள எவரும் முதல் வகையில்தான் வருவார். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. புதுப்பிக்க வேண்டும் என்று கூறிப் பணம் கேட்டு வரும் அழைப்புகளையும், அரசு இணையதளத்தைப்போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் வாங்கும் தளங்களையும் நம்ப வேண்டாம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டுவதற்குப் பதிலாக, முகவரியின் இறுதியில் அரசுத் தளங்களுக்குரிய 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தச் சான்றிதழின் மிகப் பெரிய பயன் கடனோ மானியமோ அல்ல என்பேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். அதோடு, காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட வாங்கியவருக்கு வருமான வரிச் சட்டமும் இடம் தருவதில்லை. ஆகவே பட்டியலிலும் கடிதத்தாளிலும் உத்யம் எண்ணை அச்சிடுவது வீண் அலங்காரமல்ல. இதில் ஒரு குறை உண்டு: வாங்கி விற்கும் வணிகர்களை 2021 ஜூலையில் உத்யத்தில் சேர்த்தபோது, முன்னுரிமைத் துறைக் கடன் (குறிப்பிட்ட துறைகளுக்கென்று வங்கிகள் ஒதுக்க வேண்டிய கடன்) பெறுவதற்கு மட்டுமே அவர்களுக்குத் தகுதி தரப்பட்டது. பணம் தாமதமானால் கிடைக்கும் பாதுகாப்பு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருவோருக்கும்தான்.

அடுத்தது சரக்கு சேவை வரிப் பதிவு. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவை தருபவருக்கு 20 லட்சம். புதுச்சேரியில் பொருளுக்கும் 20 லட்சமே வரம்பு. இந்தக் கணக்கில்தான் முன்பு சொன்ன பான் எண் விதி வேலை செய்கிறது. வரம்பு ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக இல்லை. ஒரே பான் எண்ணின்கீழ் நாடு முழுவதும் நடக்கும் எல்லாத் தொழில்களின் விற்றுமுதலும் சேர்த்துக் கணக்கிடப்படும். வரி விலக்குப் பெற்ற பொருள்களின் விற்பனையும் அதில் அடங்கும். இரண்டு பெயரில் இரண்டு கடை வைத்து ஒவ்வொன்றும் 25 லட்சம் விற்றால், வரம்பைத் தாண்டியவர்தான். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவருக்கு, சில கைவினைப் பொருள்கள்போன்ற சிறு விலக்குகள் தவிர, விற்றுமுதல் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை; முதல் விற்பனையிலிருந்தே பதிவு கட்டாயம். இணையச் சந்தை வழியாக வெளிமாநில வாடிக்கையாளருக்குப் பொருள் அனுப்ப எண்ணுகிறவர் இதைத் தவறவிடக் கூடாது.

பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. கடமை ஏற்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பான், கைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொண்டு முதற்பகுதியை நிரப்பினால் தற்காலிகக் குறிப்பெண் கிடைக்கும். அதைக் கொண்டு 15 நாட்களுக்குள் இரண்டாம் பகுதியை முடித்து, உரிமையாளரின் புகைப்படம், இடத்துக்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்து, ஆதார் சரிபார்ப்பையும் செய்ய வேண்டும். அதிகாரி விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பினால் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த அறிவிப்பு மின்னஞ்சலுக்குத்தான் வரும். விண்ணப்பத்தை இடையாள் ஒருவர் வழியாகச் செய்கிறவர்கள், அந்த இடையாள் தம் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுக்க அனுமதித்துவிட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது தெரியாமலே காத்திருப்பதுண்டு. எந்தப் பதிவானாலும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கிடைக்கும் 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் எண். இந்த எண்ணைப் பெயர்ப்பலகையிலும், சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும். பதிவு கிடைத்த 30 நாட்களுக்குள், அல்லது முதல் விற்பனை விவர அறிக்கையைத் தாக்கல் செய்வதற்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள், வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் சேர்த்தாக வேண்டும்.

வரம்புக்குள் இருப்பவர் விருப்பத்தின்பேரிலும் பதிவு செய்யலாம். நிறுவனங்களுக்கு விற்பவருக்கு அது நல்லது. அவர்கள் தாம் கட்டும் வரியை வரவு வைத்துக்கொள்ள விரும்புவார்கள். நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பதிவு ஒருமுறை வந்துவிட்டால், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்கிவிட்டு மறந்துபோகும் பதிவு அபராதத்தைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கும்.

உள்ளாட்சி உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றில் உங்கள் இடம் எதில் வருகிறதோ அதனிடம் தொழில் உரிமம் பெற்று, அரையாண்டுத் தொழில் வரியையும் அங்கேயே கட்ட வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் இடங்களுக்குப் பதிவு 2024 ஜூலை 2 முதல் கட்டாயமாகியிருக்கிறது. உணவு, மருந்து, ஏற்றுமதி இறக்குமதி போன்றவற்றுக்கு அந்தந்தத் துறையின் உரிமமும் தனியே வேண்டும்.

கடைசியாக நடப்புக் கணக்கு. தொழிலின் பெயரில் கணக்குத் திறக்க, உரிமையாளரின் அடையாளச் சான்றுகளோடு, தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கியின் விதிகளே அப்படிச் சொல்கின்றன. உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ், உள்ளாட்சி உரிமம், தொழிலின் பெயரில் உள்ள மின் அல்லது தொலைபேசிக் கட்டண ரசீது முதலியவற்றில் ஏதேனும் இரண்டு போதும். இரண்டு தர இயலாது என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால், நேரில் வந்து பார்த்து ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. ஜிஎஸ்டி தேவைப்படாத சிறு வணிகர் இதை அறிந்திருந்தால், கணக்குத் திறப்பதற்காக மட்டுமே ஜிஎஸ்டி எண் வாங்கும் தவற்றைச் செய்ய மாட்டார்.

கூட்டாண்மை: முதலில் பத்திரம்

கூட்டாண்மைக்குக் குறைந்தது இருவர் வேண்டும். ஐம்பதுக்கு மேல் கூடாது. வாய்மொழியாகவே கூட்டாண்மை உருவாகிவிடலாம் என்றாலும், வங்கியும் வரித்துறையும் பதிவாளரும் கேட்பது எழுத்துமூலப் பத்திரத்தை. அதைத் தட்டச்சுக் கடையில் கிடைக்கும் பழைய மாதிரியில் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பத்திரத்தைப் பற்றியதை மறக்க வேண்டாம்; ஏனென்றால் பத்திரம் வாய்மூடி இருக்கும் இடத்திலெல்லாம் 1932ஆம் ஆண்டுச் சட்டம் தன் சொந்த விடையை வைத்திருக்கிறது. அந்த விடை பெரும்பாலும் நீங்கள் எண்ணியது அல்ல.

எடுத்துக்காட்டாக, ஒருவர் ஐந்து லட்சமும் இன்னொருவர் ஐம்பதாயிரமும் போட்டிருக்கலாம். லாப விகிதம் பத்திரத்தில் இல்லையென்றால் இருவருக்கும் சமபங்கு. ஒருவர் நாள் முழுவதும் உழைக்க, மற்றவர் எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும், ஊதியம் எழுதப்படாத வரை உழைத்தவருக்கு ஊதியம் இல்லை. ஒப்புக்கொண்ட மூலதனத்துக்கு மேல் ஒருவர் பணம் போட்டால் அதற்கு ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டிதான். காலம் குறிக்கப்படாத கூட்டாண்மையை எந்தப் பங்குதாரரும் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்துக் கலைத்துவிடலாம். பங்குதாரர் ஒருவர் இறந்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை நிறுவனமே கலைந்துவிடும்; மீதமிருப்பவர்கள் தொடர்ந்து நடத்தலாம் என்று எழுதிவைத்தால்தான் தொடர முடியும். இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அப்படி எழுதினாலும் பயனில்லை. எஞ்சியவர் ஒருவரே கூட்டாண்மை ஆக முடியாது. இறந்தவரின் வாரிசைச் சேர்த்துக்கொள்ளும் முறையையோ, அவருடைய பங்கைக் கணக்கிட்டுத் தரும் முறையையோ எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே பத்திரத்தில் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொழிலின் தன்மை, தொடங்கும் தேதி, கால அளவு, ஒவ்வொருவரின் மூலதனம், லாப நட்ட விகிதம், ஊதியமும் வட்டியும், வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்திடுவது, எவ்வளவு தொகைக்கு மேல் இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது, விலகுதல், புதியவரைச் சேர்த்தல், இறப்பு, தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்கு விடுவது ஆகிய எல்லாம் இடம்பெற வேண்டும். விலகும்போது நிறுவனத்தின் நற்பெயருக்கு மதிப்பு உண்டா, உண்டென்றால் எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வியை நட்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே பேசி எழுதிவிடுவது எளிது. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பங்குதாரராகச் சேர்க்க முடியாது. மற்ற எல்லாரும் ஒப்பினால் லாபத்தின் பயனை மட்டும் பெறும்படி அனுமதிக்கலாம்.

பத்திரம் உரிய மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தைப் பதிவுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தாளைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். தீர்வை குறைந்த பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டப்படி குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை தண்டமும் கட்டினால்தான் ஏற்கும். பங்குதாரர்கள் எல்லாரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும் பெற்று, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நல்லது.

பதிவாளரிடம் பதிவு

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பத்திரத்தை நோட்டரியிடம் சான்றொப்பம் பெறுவதோ, சார்பதிவாளரிடம் ஓர் ஆவணமாகப் பதிவு செய்வதோ நிறுவனத்தைப் பதிவு செய்ததாகாது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அது பதிவுபெற்ற நிறுவனம். தமிழ்நாட்டில் இந்தப் பணி பதிவுத்துறையைச் சேர்ந்தது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடைபெறுகிறது. விண்ணப்பத்தைத் துறையின் இணையதளம் வழியாகத் தொடங்கலாம்.

58ஆம் பிரிவு கேட்கும் விவரங்கள் அதிகமில்லை: நிறுவனத்தின் பெயர், முதன்மை இடம், கிளைகள் இருந்தால் அவற்றின் இடங்கள், ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்த தேதி, அவர்களின் முழுப்பெயரும் நிரந்தர முகவரியும், நிறுவனத்தின் கால அளவு. இதில் எல்லாப் பங்குதாரர்களும், அல்லது அவர்கள் இதற்கென்றே அதிகாரம் அளித்த முகவர்களும், கையெழுத்திட்டு உறுதிமொழிய வேண்டும். அரசின் ஆதரவோ ஒப்புதலோ இருப்பதுபோல் தோன்றும் சொற்களை, மாநில அரசின் எழுத்துமூல இசைவு இல்லாமல், பெயரில் வைக்கக் கூடாது. விண்ணப்பத்தோடு பத்திரத்தின் படி, இடத்துக்கான சான்று, பங்குதாரர்களின் அடையாளச் சான்று ஆகியவற்றைத் தந்து, கட்டணம் செலுத்த வேண்டும். விவரங்கள் சரியென்று கண்டால் பதிவாளர் பதிவேட்டில் பதிந்து சான்று தருவார். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும். உங்களோடு வணிகம் செய்ய வருகிற நிறுவனத்தைப் பற்றி நீங்களும் அப்படித் தெரிந்துகொள்ளலாம்.

பதிவு செய்யாவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் 69ஆம் பிரிவு வேறு விதத்தில் தண்டிக்கிறது. பதிவு பெறாத நிறுவனம், ஒப்பந்தத்தால் தனக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டு வெளியாள்மீது வழக்குத் தொடர முடியாது. பங்குதாரர் நிறுவனத்தின்மீதோ மற்றப் பங்குதாரர்மீதோ பத்திரத்தின்படி உரிமை கேட்டு வழக்காட முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவோ, கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவோ மட்டும் வழக்குத் தொடுக்கலாம். மதிப்பு நூறு ரூபாய்க்கு மேற்படாத கோரிக்கைகளுக்கும் விலக்கு உண்டு, 1932இல் நூறு ரூபாய் பெரிய தொகையாக இருந்திருக்கும். வெளியாள் உங்கள் நிறுவனத்தின்மீது வழக்குப் போடுவதற்கோ எந்தத் தடையும் இல்லை. சட்டம் எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்ய அனுமதிப்பதால், தகராறு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். வழக்குத் தொடுக்கும் நாளில் பதிவு இருந்தாக வேண்டும். தொடுத்தபின் செய்யும் பதிவு அந்த வழக்கைக் காப்பாற்றாது. தகராறு முற்றிய நிலையில் விண்ணப்பத்தில் எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தையும் வாங்க முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பத்திரம் கையெழுத்தானதும் நிறுவனத்தின் பெயரில் பான் எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் நான்காம் எழுத்து 'எஃப்' ஆக இருக்கும். தனிநபருக்கு அது 'பி'. பங்குதாரர்களின் சொந்தப் பான் எண்களை நிறுவனத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன்பின் உத்யம், ஜிஎஸ்டி, உள்ளாட்சி உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவை தனியுரிமைக்குச் சொன்ன அதே வழியில் செல்லும். உத்யத்தில் நிர்வாகப் பங்குதாரரின் ஆதாரும், ஜிஎஸ்டியில் எல்லாப் பங்குதாரர்களின் விவரமும் தேவைப்படும். 2025 ஏப்ரல் முதல், பங்குதாரருக்குத் தரும் ஊதியமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரியை நிறுவனம் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். இதற்காக வரிப் பிடித்தக் கணக்கு எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாற்றங்கள் வரும்போது

பெயர், முதன்மை இடம், கிளை, பங்குதாரரின் முகவரி, பங்குதாரர் சேருதல் அல்லது விலகுதல் ஆகிய ஒவ்வொன்றையும் உரிய படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், நிறுவனம் பதிவு பெற்றிருந்தும் அது தொடுக்கும் வழக்குக்கு எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பலாம். ஜிஎஸ்டி பதிவிலும் 15 நாட்களுக்குள் திருத்தம் செய்தாக வேண்டும்.

விலகுகிறவர் தம் நலனுக்காகவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலகல் பத்திரம் எழுதிக் கணக்கு முடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை, அவரைப் பங்குதாரர் என்று நம்பி நிறுவனத்தோடு வணிகம் செய்யும் வெளியாள்களுக்கு அவர் பொறுப்பாளியாகவே நீடிப்பார். பதிவுபெற்ற நிறுவனத்தில் அந்த அறிவிப்பு மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: பதிவாளருக்கு, அரசிதழுக்கு, நிறுவனம் உள்ள மாவட்டத்தில் வெளிவரும் தாய்மொழி நாளிதழ் ஒன்றுக்கு. வங்கியில் கையெழுத்து அதிகாரத்தையும் ஏற்கெனவே கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதத்தையும் எழுத்துமூலம் விடுவித்துக்கொள்வது இதிலிருந்து வேறான வேலை. வங்கி இசையாத வரை பழைய கடனுக்கான உத்தரவாதம் அவரை விடாது.

தனியுரிமையாக நடந்த தொழிலில் இன்னொருவரைச் சேர்த்துக் கூட்டாண்மையாக்கும்போது, பழைய பதிவுகளில் பெயரைச் சேர்த்து முடித்துவிட முடியாது. பான் எண் மாறுவதால் ஜிஎஸ்டி, உத்யம், வங்கிக் கணக்கு எல்லாமே புதிதாக வேண்டும். ஜிஎஸ்டியில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவை), தொழில் அதன் கடன்களோடு கைமாறுவதாகப் பத்திரத்தில் எழுதி, ஆடிட்டரின் சான்றோடு உரிய படிவத்தின் மூலம் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். வரவு மாற்றம் முடியும் முன்பே பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்துவிடக் கூடாது. மாற்றும் படிவத்தைப் பழைய எண்ணிலிருந்துதான் தாக்கல் செய்ய முடியும்.